அக்கி வந்து ஆறியபின் தடுப்பூசி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 62. இரண்டு மாதங்களுக்கு முன் வலப்பக்க மார்பிலிருந்து முதுகுவரை அக்கி வந்தது. மூன்று வாரங்களில் புண் ஆறிவிட்டது. ஆனால் சட்டை உரசினாலே இன்னமும் எரிகிறது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள். அப்படியானால் தடுப்பூசி எதற்கு?

பதில்: மறுபடி வராது என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. சிறுவயதில் சின்னம்மையை உண்டாக்கிய வைரஸ், அம்மை இறங்கியபின்னும் உடலைவிட்டு நீங்குவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அது பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்து, முதுமையாலோ நோயாலோ சில மருந்துகளாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுந்து, ஏதேனும் ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து சேர்கிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோலக் கொப்புளங்கள் எழுவது இதனால்தான். ஒருமுறை வந்தால் எதிர்ப்பாற்றல் சில காலம் கூடியிருக்கும்; நாளடைவில் அதுவும் குறையும். ஆகவே, உங்களுக்கும் தடுப்பூசி தேவை என்பதே என் கருத்து.

ஆனால் சட்டை உரசினால் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தோல் ஆறிவிட்டது, நரம்பு இன்னும் ஆறவில்லை. மெல்லிய துணி படுவதைக்கூட அது நெருப்புப் பட்டதாக மூளைக்குச் சொல்கிறது. இந்த வலி மூன்று மாதங்களைத் தாண்டினால் அதனை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். தடுப்பூசியால் இது தணியாது. வழக்கமான வலி மாத்திரைகளும் பெரும்பாலும் போதாமல் போகும் என்பதால், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளில் உங்களுக்கு ஏற்றதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பொறுத்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம்.

இனி தடுப்பூசி. 2006-இல் வந்த பழைய ஊசி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸால் ஆனது. நோயை ஏறத்தாழப் பாதியளவே தடுத்தது. 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஷிங்ரிக்ஸ் என்ற புதிய ஊசியில் வைரஸின் புரதம் ஒன்று மட்டுமே உள்ளது. எனவே எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் அதைப் போடலாம். முன்பு அக்கி வராதவர்களிடையே நடந்த ஆய்வுகளில், 50 வயதைக் கடந்தோருக்கு அது ஏறத்தாழ 97 சதவீதமும், 70-ஐக் கடந்தோருக்கு ஏறத்தாழ 90 சதவீதமும் பாதுகாப்பு அளித்தது. உங்களைப்போல் ஏற்கெனவே வந்தவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறார்கள்.

எப்போது போடுவது? கொப்புளங்கள் இருக்கும்போது கூடாது. ஆறியபின் போடலாம் என்பது சில நாடுகளின் வழிகாட்டுதல். ஓராண்டு பொறுக்கச் சொல்லும் நாடுகளும் உண்டு. எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள ஒருவர் வலி அடங்கும்வரை காத்திருப்பதில் தவறில்லை. ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து போன்றவற்றை எடுப்பவராக இருந்தால், எப்போது போடுவதென்பதை மருத்துவருடன் பேசி முன்னதாகவே முடிவு செய்யுங்கள்.

இரண்டு தவணைகள், இடையே 2 முதல் 6 மாதங்கள். முதல் ஊசிக்குப்பின் கைவலி, உடல்வலி, சிலருக்குக் காய்ச்சல் என்று இரண்டு மூன்று நாள்கள் படுத்தும். அதற்கு அஞ்சி இரண்டாவதைக் கைவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. முழுப் பாதுகாப்பு அதன்பிறகே கிடைக்கும். முதல் ஊசியில் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

இதற்கிடையே மறுபடி ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் தோன்றினால், 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ தோன்றினால் கண் பாதிக்கப்படக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.