போஸ்ட்பெய்டு திட்டத்தோடு இலவசமாகத் தந்த வீட்டு பிராட்பேண்டை நிறுத்திவிட்டு, இனி மாதம் 699 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். எதிர்த்துக் கேட்க வழி உண்டா?

உண்டு. எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதை மூன்று தேதிகள்தான் முடிவு செய்யும்: திட்டத்தில் சேர்ந்த தேதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, நிறுத்தப்போவதாகக் குறுஞ்செய்தி வந்த தேதி. மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் கஸ்டமர் கேரில் ஒரு மணி நேரம் சண்டை போட்டாலும் ஒன்றும் நடக்காது.

குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு போஸ்ட்பெய்டு திட்டம், அதை எடுத்தால் வீட்டுக்கு ஃபைபர் இலவசம் என்று சொல்லிச் சேர்த்திருப்பார்கள், இப்போது "சலுகைக் காலம் முடிந்தது" என்று செய்தி வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"ஓசியில் கொடுத்ததை நிறுத்தினால் கேட்பதற்கு என்ன உரிமை?" என்று கீழே கருத்து எழுத வருவார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஓசி இல்லை. அந்த பிராட்பேண்டுக்காகத்தான் நீங்கள் விலை கூடின போஸ்ட்பெய்டு திட்டத்துக்கு மாறினீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) இதைத் தெளிவாகவே பேசுகிறது. மொத்தத் தொகைக்குள் முழுதாகவோ பகுதியாகவோ அடங்கிய ஒன்றை இலவசம் என்று நம்பவைப்பது நேர்மையற்ற வணிக முறை. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களும், தொகுப்பின் விலையிலேயே அடங்கிய ஒரு பகுதியை இலவசம் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்கின்றன. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 2(42), கட்டணமில்லாமல் தரும் சேவையை 'சேவை' என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். அதனால் உங்கள் கடிதத்தில் எந்த இடத்திலும் "இலவச பிராட்பேண்ட்" என்று எழுதாதீர்கள். "இன்ன திட்டத்தின் கட்டணத்தில் அடங்கிய பிராட்பேண்ட் சேவை" என்று எழுதுங்கள்.

அடுத்தது பில். ஆப்பில் தெரியும் ஒற்றை வரித் தொகையை நம்பாமல் பிடிஎஃப் பில்லை இறக்கிப் பாருங்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் பிராட்பேண்டுக்கு நேராக 699.00 என்று ஒரு வரி, அதற்குக் கீழே தள்ளுபடி என்று கழித்தல் குறியோடு 699.00 என்று இன்னொரு வரி இருப்பது வழக்கம். நிறுத்தும்போது கணினியில் அந்தத் தள்ளுபடி வரியை மட்டும்தான் எடுக்கிறார்கள். இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். "நான்தான் பயன்படுத்தவே இல்லையே" என்று பிறகு சொல்வது எடுபடாது. மாதத்தின் நடுவில் எடுத்தால் மீதி நாள்களுக்குக் கணக்குப் போடுவார்கள். 30 நாள் மாதத்தில் 12ஆம் தேதி எடுத்தால் 19 நாளுக்கு 442.70 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 79.69, ஆக மொத்தம் 522.39. முழு மாதத்துக்கு 824.82. பில்லில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் மோடம் வாடகையோ ஓடிடி சந்தாவோ உள்ளே நுழைந்திருக்கும். அதைத் தனிப் புகாராகப் பதியுங்கள். முன்பு இலவசமாக இருந்த மதிப்புக்கூட்டுச் சேவையை (காலர் டியூன் போன்ற கூடுதல் சேவை) வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கட்டணச் சேவையாக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவு பல ஆண்டுகளாக இருக்கிறது.

இப்போது அந்தத் தேதிகளுக்கு வருவோம். டிராயின் கட்டண ஆணைப்படி, ஒரு திட்டத்தில் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்கு அதில் எந்தக் கட்டணத்தையும் ஏற்றக் கூடாது. குறைக்கலாம், ஏற்ற முடியாது. இது மொபைலும் லேண்ட்லைனும் தரும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட விதி. உங்கள் மூலத் திட்டம் போஸ்ட்பெய்டு என்பதால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்: "பூஜ்யமாக இருந்த கட்டணத்தை 6 மாதத்துக்குள் 699 ஆக்கியது கட்டண உயர்வு." சேர்ந்து 6 மாதம் தாண்டியிருந்தால் இந்த வாதம் நிற்காது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை. பிஎஸ்என்எல் லேண்ட்லைனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் தந்துவந்த ஞாயிற்றுக்கிழமை இலவச அழைப்பை 2018 பிப்ரவரி 1 முதல் எடுத்தார்கள். கோபப்பட்டவர்கள் நிறைய, ஆனால் கால வரம்பு எப்போதோ கடந்திருந்தது.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ஒரு வருடத்துக்கு என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியிருந்தால் 6 மாதக் கணக்கு இல்லை, அந்த முழு வருடமும் பாதுகாப்பு உண்டு. வருட சந்தா கட்டியவர்கள் பலர் இது தெரியாமல் மாதாமாதம் மறுபடி கட்டுகிறார்கள். மனசு வலிக்கிறது.

"அது வெறும் புரொமோஷன் ஆஃபர்" என்று பதில் வந்தால், அதற்கும் விதி இருக்கிறது. புரொமோஷன் சலுகையை 90 நாளுக்கு மேல் நடத்தக் கூடாது. எட்டு மாதம் கொடுத்துவிட்டு இன்று அதைப் புரொமோஷன் என்றால், ஆரம்பித்த தேதியையும் முடிந்த தேதியையும் எழுத்தில் கேளுங்கள். 2017 ஏப்ரலில் ஜியோவின் 'சம்மர் சர்ப்ரைஸ்' சலுகையில் மூன்று மாத இலவசப் பலனைத் திரும்பப் பெறச் சொன்னது டிராய். சலுகை நின்றது, ஆனால் அதற்கு முன்பே பணம் கட்டியிருந்தவர்களுக்குப் பலன் தொடரும் என்று நிறுவனமே அறிவித்தது. கட்டிய தேதியுள்ள ரசீதுக்கு இருக்கும் பலம் இதுதான்.

புகார் செய்யும் முறையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கஸ்டமர் கேருக்குப் பேசினால் ஒரு எண் தருவார்கள். அது புகார் எண்ணா, வெறும் 'சர்வீஸ் ரிக்வெஸ்ட்' எண்ணா என்று கேளுங்கள். விசாரணை என்றோ கோரிக்கை என்றோ பதிந்துவிட்டால், மேல்முறையீட்டுக்குப் போகும்போது "புகாரே வரவில்லை" என்பார்கள். "இதைக் கட்டணப் புகாராகப் பதிந்து டாக்கெட் எண் கொடுங்கள்" என்று அந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். எண் குறுஞ்செய்தியாக வரவேண்டும். வராமல் போனை வைக்காதீர்கள். அன்றைக்கே அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஐந்து வரி போதும்: திட்டத்தின் பெயர், மூன்று தேதிகள், முந்தைய பில்லில் இருந்த தொகை, இப்போதைய தொகை, என்ன வேண்டும் என்பது. சேர்ந்தபோது வந்த விளம்பரக் குறுஞ்செய்தியோ, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமோ இருந்தால் இணையுங்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் திட்டத்தின் விவரம் இன்னும் இருந்தால் இன்றைக்கே தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது.

பதில் திருப்தி இல்லை என்றாலோ, நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்தும் பதில் வரவில்லை என்றாலோ, அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். 2012 முதல் ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்லும் இருவர் குழுவில் ஒருவர் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். அதனால் கஸ்டமர் கேர் ஒப்பித்த அதே பதில்தான் இங்கேயும் வரும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முகவரிகள் எல்லாம் டிராயின் புகார் கண்காணிப்புத் தளமான டிசிசிஎம்எஸ்ஸில் (TCCMS) நிறுவனவாரியாக இருக்கின்றன. டிராய்க்கே நேராக எழுதுவதில் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவதை மேல்முறையீட்டோடு சேர்த்தே செய்யலாம்.

இது நடந்துகொண்டிருக்கும்போது பணம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் இந்த நிறுவனத்துக்கான அனுமதியை ரத்து செய்யுங்கள் அல்லது நிறுத்தி வையுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அறிவிப்பை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். அதற்காக மொத்த பில்லையும் கட்டாமல் விட்டால் மொபைலை நிறுத்திவிடுவார்கள். தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டு, "699 ரூபாயும் அதற்கான வரியும் டாக்கெட் எண் இன்னதில் தகராறில் உள்ளன" என்று மின்னஞ்சல் போடுங்கள். பகுதித் தொகையை ஆப் ஏற்கவில்லை என்றால் முழுதாகக் கட்டிவிட்டு, ஆட்சேபத்தோடு கட்டியதாக எழுதுங்கள். கட்டிவிட்டதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இணைய இணைப்பு நின்றால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். PON என்று எழுதிய பிஓஎன் விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்து, LOS என்று எழுதிய எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லையென்றால் ஃபைபர் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் கணக்கைத்தான் முடக்கியிருக்கிறார்கள். எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. முதல் நிலையைப் படம் எடுத்து வையுங்கள். "லைன் ஃபால்ட், ஆள் வருவார்" என்று நாளைக் கடத்தினால் அந்தப் படம் பேசும்.

அப்படி வருகிற பையனைத் தயவுசெய்து திட்டாதீர்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரும்பாலும் அவர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர். சொந்த பைக்கில் ஃபைபரை இணைக்கும் ஸ்ப்ளைசிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு மழையிலும் கம்பத்தில் ஏறுகிறார். சலுகையை நிறுத்திய முடிவு அவருக்கும் உங்களுக்கு வந்த அதே குறுஞ்செய்தியில்தான் தெரியும். மாடி வீட்டில் நிற்கவைத்து அரை மணி நேரம் கத்தி, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிறார்கள். விலை வைத்தவர்கள் யாரும் இந்த வசவைக் கேட்பதே இல்லை.

இணைப்பே வேண்டாம் என்று முடிவு செய்தால் வரிசை முக்கியம். மொபைல் எண்ணை முதலில் போர்ட் செய்து வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடாதீர்கள். முதன்மை எண் போனால் மொத்தத் தொகுப்பும் உடையும், ஆப்புக்குள் நுழையவும் முடியாது. முதலில் எல்லா பில்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு பிராட்பேண்டை முடிக்க எழுத்தில் கோரிக்கை. பிறகு மோடம். இரவலாகத் தந்த மோடம் என்றால் அடாப்டர், லேன் கேபிளோடு திருப்பிக் கொடுத்து, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த மோடத்துக்குப் பின்னால் பில் வரும். வைப்புத்தொகை இருந்தால் 45 நாளுக்குள் திரும்ப வரவேண்டும். சுவரிலிருந்து வரும் ஃபைபரை வெட்டாதீர்கள். பச்சை முனையை மூடியிட்டுச் சுருட்டி வையுங்கள், திரும்ப இதே இணைப்பு வேண்டியிருந்தால் புது வயர் இழுக்க வேண்டாம்.

ஃபைபரோடு வந்த லேண்ட்லைன் எண்ணைக் கூடவே எடுத்துச்செல்ல முடியாது, நம் நாட்டில் போர்ட் வசதி மொபைலுக்கு மட்டும்தான். கேஸ், வங்கி, பள்ளிக்கூடம் என்று எங்கெல்லாம் அந்த எண் இருக்கிறதோ முதலில் மாற்றுங்கள்.

மொபைலையும் மாற்றுவதானால் போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். வரும் குறியீடு 4 நாள்தான் செல்லும். கெடு தாண்டிய பாக்கி இருந்தால் குறியீடே வராது. அதனால் போர்ட் செய்வதானால் தகராறுத் தொகையையும் கெடுவுக்குள் ஆட்சேபத்தோடு கட்டிவிடுங்கள்.

மேல்முறையீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புத் தகராறு இங்கே வராது என்று யாராவது சொன்னால், 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் காட்டுங்கள், வரும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையம் வழியாகவும் முடியும். நான் வக்கீல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு இடத்தில் கவனம்: மனுவில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதினால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான், மாவட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை" என்று எழுதுங்கள். சலுகையை நிறுத்திய நாளிலிருந்து 2 வருடம் வரை நேரம் இருக்கிறது.