ரொட்டி வந்த காட்சியைப் படத்தில் தேடுகிறேன்

கேள்வி: ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல்களைப் படித்தவர்கள் படங்களைக் குறை சொல்கிறார்கள், படங்களைப் பார்த்தவர்கள் நாவல்கள் இழுவை என்கிறார்கள். உங்கள் பார்வையில் எது மேல்?

புத்தகம்தான் மேல். ஆனால் படத்துக்கு நான் பட்டிருக்கும் கடனையும் சொல்லாமல் இருக்க முடியாது.

நான் மியான்மரின் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். வகுப்பில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவன் நான்கு படங்களையும் வசனம் பிசகாமல் சொல்வான். அவள், பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய நகல் பிரதியை அட்டை கிழியும்வரை படித்தவள். இருவரும் தொடங்கிவிட்டால் அன்று இலக்கணப் பாடம் நடக்காது. “டீச்சர், நீங்களே சொல்லுங்கள்” என்று கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனெம் என்ற நாட்டில் தலைநகரத்துக்கு அடங்கிய 12 மாவட்டங்கள். பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். சூசன் காலின்ஸ் எழுதிய முதல் மூன்று நாவல்கள் 2008, 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றின் கதை 2012 முதல் 2015 வரை நான்கு படங்களாக வந்தது. கடைசி நாவலை இரண்டாக வெட்டினார்கள். அது வசூலுக்காகச் செய்த வேலை என்பதே என் எண்ணம். ‘டைவர்ஜென்ட்’ வரிசையிலும் மூன்றாம் நாவலை அப்படித்தான் வெட்டினார்கள். 2016இல் முதல் பாதி எடுபடவில்லை, மறுபாதி வரவே இல்லை.

தலைப்பிலேயே பசி இருக்கிறது. பனெம் என்பதே லத்தீனில் ரொட்டியைக் குறிக்கும் சொல். கதைநாயகி காட்னிஸின் பெயர், உண்ணத்தக்க கிழங்குள்ள ஒரு நீர்ச்செடியின் பெயர். வீட்டில் தானியம் இல்லாத பிள்ளைகள் தங்கள் பெயரைக் குலுக்கலில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அப்படிச் சேர்த்துச் சேர்த்து 16 வயதில் காட்னிஸின் பெயர் 20 முறை குலுக்கலில் இருக்கிறது. அவள் தோழன் கேலின் பெயர் 42 முறை. சாவுக்கு இவ்வளவு அருகில் போனால் இவ்வளவு தானியம் என்று அந்த அரசு கணக்கு வைத்திருக்கிறது. நாவலின் முதல் பக்கங்களிலேயே என்னை உலுக்கிய இந்தக் கணக்கைப் படம் ஓரிரு வசனங்களில் கடந்துவிடுகிறது.

எனக்கு ஏன் இது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது எனக்கு 12 வயது. ஐராவதி டெல்டாவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர். யாங்கோனில் இருந்த எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை. கூரை போனது, அரிசி விலை ஏறியது, அவ்வளவுதான். அம்மா அரிசியை ஆழாக்கில் அளந்து, அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்பப் பானைக்குள் போடுவார். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். டெல்டாவுக்கு அறுவடைக் கூலியாக வந்த குடும்பம் எங்களுடையது. நெல் விளையும் மண்ணைச் சேர்ந்தவர்கள் கஞ்சிக்குக் காத்திருந்தோம். சில ஆண்டுகள் கழித்து நாவலில் 11ஆம் மாவட்டத்தைப் பற்றிப் படித்தேன். நாட்டுக்கே பயிர் விளைவிக்கும் ஊர் அது. விளைந்ததை எடுத்துத் தின்றால் சவுக்கடி. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த 11ஆம் மாவட்டத்திலிருந்து போட்டிக்கு வந்து காட்னிஸுக்குத் துணையானவள் ரூ என்ற சிறுமி. அவளுக்கு வயது 12. அவள் இறக்கும் காட்சியை வைத்துத்தான் என் மாணவர்கள் இருவரும் அதிகம் மோதிக்கொண்டார்கள்.

நாவலில் காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் அலங்கரிக்கிறாள். பிறகு இடக்கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் ஒற்றி, ரூவை நோக்கி நீட்டுகிறாள். அது அவள் ஊரின் பழைய வழக்கம். நன்றியையும் மரியாதையையும் சொல்லி, அன்புக்குரியவருக்கு விடைகொடுக்கும் சைகை, எப்போதாவது இறுதிச் சடங்குகளில் காணப்படுவது. அதன்பின் வானத்திலிருந்து ஒரு சிறு பாராசூட்டில் ரொட்டி இறங்குகிறது. ரூவுக்காக 11ஆம் மாவட்டத்து ஏழைகள் காசு சேர்த்து வாங்கியது. பெற வேண்டியவள் இறந்துபோனதால் அதை அடுத்த ஊர்ப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டார்கள். தம் பிள்ளை போன வீட்டார், அவளுக்குத் துணையாக இருந்தவளின் பசியை நினைத்திருக்கிறார்கள்.

படத்தில் ரொட்டி இல்லை. காட்னிஸ் கேமராவைப் பார்த்து விரல்களை உயர்த்துகிறாள். திரையில் அதைப் பார்க்கும் 11ஆம் மாவட்டத்து மக்கள் தாங்களும் விரல்களை உயர்த்துகிறார்கள். உடனே கலவரம் வெடிக்கிறது.

“ரொட்டியைத் தூக்கிவிட்டுக் கலவரத்தை வைத்தவர்களுக்குக் கதையே புரியவில்லை” என்பாள் தங்கை. அண்ணன் விடமாட்டான். “நாவல் முழுக்கக் காட்னிஸின் வாயால் சொல்லப்படுகிறது. அவள் காட்டுக்குள் இருக்கிறாள், ஊரில் நடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? படம்தான் ஊரைக் காட்டியது” என்பான். இதில் அவன் சொல்வதில் நியாயம் உண்டு. விளையாட்டை இயக்குபவர்களின் கட்டுப்பாட்டு அறையும், ரோஜாத் தோட்டத்தில் அதிபர் ஸ்னோ நிதானமாகப் பேசுவதும் படம் சேர்த்தவை. அந்த நிதானம்தான் எனக்கு அச்சம் தந்தது. ஆனாலும் ரொட்டியை விட்டதை நான் மன்னிக்கவில்லை. கோபத்தில் கல்லெடுப்பதை எந்தப் படமும் காட்டிவிடும்.

2021 பிப்ரவரியில் இந்த வாதம் திசை மாறியது. ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களில் எங்கள் தெருக்களில் மூன்று விரல்கள் உயர்ந்தன. 2014இல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் படத்திலிருந்து எடுத்த சைகை அது. இங்கே மருத்துவமனை ஊழியர்கள் உயர்த்தினார்கள், மாணவர்கள் உயர்த்தினார்கள். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் எங்கள் தூதர் சோ மோ துன் உயர்த்தினார். அண்ணன் என்னைப் பார்த்து, “டீச்சர், புத்தகத்தை மட்டும் படித்திருந்தால் இது தெருவுக்கு வந்திருக்குமா?” என்று கேட்டான். என்னிடம் மறுமொழி இல்லை. காகிதத்தில் இருந்த சைகைக்குக் கை கொடுத்தது திரைதான். நான் கடன் என்று சொன்னது அதைத்தான்.

பிறகு சாவுகள் வந்தன. சுடப்பட்ட இளைஞர்களின் இறுதி ஊர்வலங்களில், சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் அதே மூன்று விரல்களை உயர்த்தினார்கள். புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்கள், அதில் எழுதியிருந்த முதல் பொருளுக்கே அந்தச் சைகையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். நன்றி, மரியாதை, விடை. தங்கை அன்று அண்ணனிடம் வாதாடவில்லை.

அவன் இப்போது நாட்டில் இல்லை. அவள் வகுப்புக்கு வருகிறாள். ரொட்டி வரும் பக்கத்தைப் பயிற்சிக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். “டீச்சர், ரொட்டி என்று எழுதினால் தேநீர்க்கடை ரொட்டி போல இருக்கிறது. அவர்கள் அனுப்பியது அது இல்லை.” சோறு என்று எழுதிப் பார்த்தோம். பாராசூட்டில் சோறு வருமா என்று பின்வரிசைப் பையன் கேட்டான். அவள் அடித்துவிட்டு, கட்டுச்சோறு என்று எழுதினாள். வெளியூர் போகும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்பது என்று அவனுக்கு விளக்கமும் சொன்னாள். நான் திருத்தவில்லை.