எண்களும் நாட்டுச் சர்க்கரையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வெள்ளைச் சர்க்கரையையும் செயற்கைச் சேர்மானங்களையும் அன்றாடச் சமையலிலிருந்து விலக்குவது என்று முடிவெடுத்து, நாட்டுச் சர்க்கரைக்கு மாறியிருக்கிறேன். நீரிழிவு உள்ள என் மாமியாருக்குச் ‘சர்க்கரை சேர்க்காத’ பிஸ்கட் வாங்குகிறேன். ஆனால் பொட்டலங்களின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்தால் எதையுமே வாங்கத் துணிவு வருவதில்லை. அவர் காபியில் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடலாமா?

கே.
திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள கே.,

எண்களைப் பற்றிய அச்சத்தை முதலில் விடுங்கள். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு இட்டிருக்கும் குறியீட்டு எண்கள்தாம் அவை. 330 என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி, 500 நம் வீட்டு ஆப்பசோடா. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்புக்குக்கூட 526 என்று ஓர் எண் உண்டு.

எனக்குக் கவலை தருபவை நீங்கள் தயக்கமின்றி வாங்கும் பொருள்கள்தாம். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸே, அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரைதான். சிறிதளவு தாதுக்கள் இருப்பது உண்மையென்றாலும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கு அவை இளைத்தவை அல்ல. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு விளைகிற மாவட்டம் நம்முடையது. ஆனாலும் கடைக்குப் போனால் பொன்னிறத்தில் பளபளக்கும் வெல்லத்தையே கேட்டு வாங்குகிறோம். அந்த நிறத்துக்காகவே, சாறு காய்ச்சும்போது சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் வெளுப்பு வேதிப்பொருளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வெல்லத்தில் தங்கும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. சாக்கிலிருந்து எடுத்து நிறுத்துத் தரும் வெல்லத்தில் அதை எங்கே படித்துப் பார்ப்பது? கருத்ததாகப் பார்த்து வாங்குங்கள். “அதை யாரும் வாங்குறதில்லம்மா” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கேட்பவர்கள் பெருகினால் அவரும் வரவழைப்பார்.

பஞ்சுமிட்டாயும் இப்படித்தான். துணிக்குப் போடும் சாயமான ரோடமைன் பி அதில் கண்டறியப்பட்ட பிறகு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அதைத் தொடர்ந்து தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடை செய்தன. அந்தப் பைகளில் எந்த எண்ணும் அச்சிட்டிருக்கவில்லை.

பிஸ்கட்டுக்கு வருகிறேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். ஆகவே முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தின் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள். மைதா முதலில் நின்று, சற்றுத் தள்ளி மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினும் இருந்தால், சர்க்கரை சேர்க்கவில்லை என்ற வாசகம் பொய்யாக இல்லாவிட்டாலும் உங்கள் மாமியாருக்குப் பயன்படாது. இரண்டும் உடலில் விரைவாகக் குளுக்கோஸாகிவிடுபவை. இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிட்டால் அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கும் வரும். நான்கு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலையைக் கொடுப்பது மேல்.

மாத்திரை விஷயத்தில் செய்திகள் குழப்பியிருக்கும். செயற்கை இனிப்புகளை உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே கூறியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில், புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வகையில், இனிப்பு மாத்திரைகள் சிலவற்றில் உள்ள அஸ்பார்டேம் சேர்க்கப்பட்டது. எனினும் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை உணவுச் சேர்மானங்களுக்கான நிபுணர் குழு மாற்றவில்லை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். காலையும் மாலையும் ஒவ்வொரு மாத்திரை போட்டுக்கொள்பவர் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போவதில்லை.

ஆகவே அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். அவருக்கே விருப்பமிருந்தால் காபியின் இனிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிறகு மாத்திரையை விடட்டும். மாத்திரையைப் பிடுங்கிவிட்டு நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.