பனிச்சறுக்கில் தன்னை மறந்து லயிப்பது எப்படி? கோலாலம்பூரிலிருந்து ஜப்பானுக்கு வந்து சறுக்குகிறேன், எனக்குப் பயம் மட்டும்தான் வருகிறது

பயம் மட்டும்தான் வருகிறது என்றால், நீங்கள் நிற்கும் சரிவு இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை. ஜப்பானில் சரிவுகளுக்குக் கொடுக்கும் நிறக்குறியில் பச்சை என்றால் தொடக்கநிலை, சிவப்பு நடுநிலை, கறுப்பு கடினம். கோலாலம்பூரிலிருந்து இவ்வளவு செலவழித்து வந்துவிட்டுப் பச்சையிலேயே கிடப்பதா என்று சிவப்புக்கு ஏறியிருப்பீர்கள். உடன் வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும்.

மலையேறிகள், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக்காரர்கள் ஆகியோரை ஆராய்ந்து, உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களிலேயே எழுதிவிட்டார்: சவால் திறமையை மிஞ்சினால் பதற்றம், குறைந்தால் சலிப்பு, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில்தான் லயிப்பு. வீரம் பேசுகிறவர்கள் இதில் பாதியைத்தான் காதில் வாங்குகிறார்கள்.

எனக்கு அந்த லயிப்பு வாய்த்தது ஜப்பானின் ஹொக்காய்டோ தீவிலுள்ள நிசெகோவில், ஒரு பச்சைச் சரிவில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிறு வயதில் பிரிக்பீல்ட்ஸில் பரதம் பயின்றவள் நான். முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டி கொடுத்த தொடைவலு இருந்தது. ஆனால் அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரியும். பனியிலோ அது முன்னோக்கி மடங்கி, கணைக்கால் பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்த வேண்டும். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் சறுக்குக்கட்டை சொன்ன பக்கம் திரும்பாது, வேகம் ஏறும், பயமும் ஏறும்.

'வெளிக்காலில் எடை, வெளிக்காலில் எடை' என்று, அதாவது திருப்பத்தின் வெளிப்பக்கக் காலில் எடை வை என்று, பயிற்சியாளர் ஓதிக்கொண்டே இருந்தார். யோசிக்க யோசிக்க உடம்பு இறுகியது. அவர் இல்லாத ஒரு பிற்பகலில், திருப்பத்துக்கு ஒரு 'தகதிமி' என்று வாய்க்குள் சொல்லத் தொடங்கினேன். 'த'வில் எடை மாறும். 'மி'யில் கண் அடுத்த திருப்பத்துக்குப் போய்விடும். எந்த இடத்தில் ஜதி நின்றது என்று தெரியாது. கட்டையின் விளிம்பு பனியைச் சீவும் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒலி மாறினால் கால் தானே திருத்திக்கொண்டது. லிஃப்ட் வரிசையில் வந்து நின்ற பிறகுதான் மூக்கு ஒழுகுவதே தெரிந்தது.

ஆகவே பச்சைக்குத் திரும்புங்கள். ஒரே சரிவில், அது அலுக்கும்வரை இறங்குங்கள். கெண்டைக்கால் மரத்துப்போகும்படி பூட்ஸை இறுக்காதீர்கள். ஜதி தெரியாவிட்டால் ஏதாவது ஒரு பாட்டு போதும்.

இதை அருள் வருவதோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தைப்பூசத்தின் பெயரில் நான் வாங்கிய ஏச்சே போதும். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளி வந்து ஹொக்காய்டோ மலைகளில் கொட்டுவது ஜனவரி, பிப்ரவரியில். தைப்பூசம் வருவதும் அப்போதுதான். 'பத்துமலைக்கு வராமல் பனிக்குப் போனவள்' என்று என் அத்தை கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லி வருகிறார். வெயில் நாட்டுப் பெண்ணுக்குப் பனி எதற்காம். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஜெஃப்ரி வெப் சறுக்கினார். 2022இல் அருவின் சாலேஹுதீன் என்ற பெண்ணும் சறுக்கினார். இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

அவருடைய மகன் அதே தைப்பூசத்தில் காற்பந்து பார்க்க லண்டன் போனபோது மட்டும், 'பிள்ளை உழைத்துக் களைத்திருக்கிறான், போய்வரட்டும்' என்றார். அரங்கத்தில் அவன் எடுத்துக்கொண்ட படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்திருக்கிறார்.