மார்கழி குளிர்ல ஆமை சாப்பிடலையா? தீனிய விடுங்க, மொதல்ல சூட்டைப் பாருங்க

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், தளி பக்கம் ரோஜா பசுமைக்குடில் வச்சிருக்கோம். பசங்க கேட்டாங்கன்னு பெங்களூர்ல ஒரு குட்டி ஆமை வாங்கினோம், பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னாடி செவப்புக் கோடு. கண்ணாடித் தொட்டில தண்ணி ஊத்தி வரண்டால வச்சிருக்கோம், இப்ப உள்ளங்கை அளவு ஆயிருச்சு. மார்கழி பொறந்ததுல இருந்து எதையும் தொடல. பாக்கெட்ல வர்ற காஞ்ச எறாதான் போடுவோம், பசங்க களி உருண்டையும் போடுவாங்க, முன்ன நல்லா திங்கும். வீட்ல ஆட்டுக்கு வாங்குன ஐவர்மெக்டின் இருக்கு, வயித்துல பூச்சி இருக்கும்னு ரெண்டு சொட்டு குடுக்கலாமா? இல்ல இது குளிர்காலத் தூக்கமா? வாயைத் தொறந்து ஊட்டலாமா?

பதில்: வணக்கம்ங்க. மொதல்ல அந்த ஐவர்மெக்டின் பாட்டிலை எடுத்து ஆட்டுக் கொட்டாய்லயே வச்சிருங்க. ஆடு மாட்டுக்கு அது நல்ல மருந்துதான், ஆனா ஆமைக்கு நேரா நரம்பைத் தாக்கும், கை கால் இழுக்காம கெடந்து செத்துப்போகும். ஒரு சொட்டுன்னாலும் வேணாம், மேல தடவவும் வேணாம். ஆமைக்குப் பூச்சி இருக்கான்னு சாணத்தை டெஸ்ட் பண்ணித்தான் தெரியும், மருந்தும் வேற, எடை பாத்து டாக்டர்தான் குடுக்கணும்.

அடுத்தது, உங்க ஆமைக்கு இப்ப பசி இல்ல, குளிர். நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது சிவப்புக் காது ஸ்லைடர், தண்ணி ஆமை, சொந்த ஊரு அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கம். நம்மள மாதிரி அதுக்கு ஒடம்புக்குள்ள சூடு உண்டாகாது, சுத்தி என்ன சூடோ அதுதான் ஒடம்புச் சூடு. தளில மார்கழி ராத்திரி 12, 13 டிகிரி வரைக்கும் எறங்குது, வரண்டால இருக்குற தொட்டித் தண்ணி சாயங்காலத்துக்கே ஜில்லுன்னு ஆயிரும், விடிஞ்சு வெயில் வந்தாலும் அது சூடாகுறதுக்குள்ள மறுபடி பொழுது எறங்கிரும்.

தூக்கமான்னு கேட்டீங்க, இல்லைங்க. அந்த ஊர்ல தண்ணி 10 டிகிரிக்கும் கீழ போயி அப்படியே மாசக்கணக்கா நிக்கும், அப்பதான் அது அடில போயி அசையாம கெடக்கும், குடலும் காலியா இருக்கும். நம்மூர்ல 15க்கும் 20க்கும் நடுவுல ஏறி எறங்கிட்டே இருக்கு, முழுசாத் தூங்கவும் முடியாது, தின்னு செரிக்கவும் முடியாது, இந்த ரெண்டுங்கெட்டான் நிலைதான் ஆபத்து. இந்த நேரத்துல வாயைத் தொறந்து தீனியத் திணிச்சீங்கன்னா அது செரிக்காம உள்ளயே அழுகும். அதனால ஊட்டவே கூடாது. இந்த அளவு ஆமை திடமா இருந்தா சில வாரம் பட்டினி தாங்கும், பயப்படாதீங்க, ஆனா அப்படியே விட்டுறவும் முடியாது, எடைதான் கணக்கு. சமையல் தராசுல இன்னைக்கே எடை போட்டு எழுதி வைங்க, வாரம் ஒருதடவ பாருங்க.

தொட்டிய வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. மீன் தொட்டிக் கடைல ஹீட்டரும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி தண்ணிய 25லருந்து 27 டிகிரில நிறுத்துங்க, ஒரே மணி நேரத்துல ஏத்தாதீங்க, ஒண்ணு ரெண்டு நாள் எடுத்து மெதுவா. ஆமை இடிச்சு ஒடைக்காத மாதிரி ஹீட்டருக்கு ஒரு கூடு போடுங்க, தண்ணி மாத்துறப்ப ப்ளக்கைக் கண்டிப்பா பிடுங்கிருங்க. ஒரு ஓரத்துல செங்கல் வச்சு, ஏறி வர சரிவு குடுத்து, முழுசா காஞ்சு கெடக்குற மாதிரி ஒரு திட்டு வேணும், அதுக்கு மேல ஒரு அடி ஒயரத்துல கோழிக்குஞ்சுக்குப் போடுவோமே அந்த 60 வாட் குண்டு பல்பு, எல்இடி போட்டா வெளிச்சம் வரும் சூடு வராது. திட்டு மேல 30, 32 டிகிரி இருந்தா போதும். ராத்திரி பல்பை அணைச்சிருங்க. கரண்ட் போனாலும் சூடு நிக்க தொட்டிய மூணு பக்கமும் தெர்மாகோல் வச்சு மூடிருங்க.

வெயிலும் வேணும். கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல வராது, ஓடு கெட்டியாகுறதுக்கான கதிர் கண்ணாடில நின்னுரும், உங்க பசுமைக்குடில் ஷீட்டும் பெருசா விடாது. காலைல வெயில் ஏறினப்புறம் ஒரு அரைமணி நேரம் அகலமான பேசின்ல, பாதி நெழல் இருக்குற மாதிரி வெளில வைங்க, காக்காய்க்கும் நாய்க்கும் ஒரு ஆள் காவல்.

இன்னொண்ணு நீங்க எழுதல, நானே கேக்குறேன், தொட்டிக்குத் தண்ணி எங்கருந்து ஊத்துறீங்க? சொட்டுநீர் டேங்க்ல இருந்துன்னா நிறுத்துங்க, அதுல ஒரம் கலந்திருக்கும். ரோஜாவுக்கு இலைப்பேன் மருந்து அடிச்ச கையோட தொட்டில கை விடுறதும் வேணாம். நேரா போர் தண்ணி ஊத்துங்க, அதையும் தொட்டி சூட்டுக்கு ஆறவிட்டோ வெதுவெதுப்பாக்கியோ ஊத்துங்க.

மூணு நாலு நாள் இந்தச் சூட்ல இருந்தா பெரும்பாலும் அதுவே தலையை நீட்டித் தேடும். அப்ப மண்புழு உரக் குழில இருந்து ஒரு புழு எடுத்து நல்லா அலசிட்டு முன்னாடி விடுங்க, நெளியுறதப் பாத்தா கவ்வும், இல்லன்னா சின்ன மீன் துண்டு. தின்ன ஆரம்பிச்சதும் காஞ்ச எறாவை எப்பவாவதுன்னு கொறைச்சிருங்க, அது மட்டுமே தின்னா வைட்டமின் ஏ பத்தாம கண்ணு வீங்கிரும், கண்ணு தெரியாத ஆமை தீனியத் தேடாது. மஞ்சப் பூசணி, கேரட் துருவிப் போடுங்க. பக்கத்துல யாராவது பட்டுப்பூச்சி வளக்குறாங்கன்னா மல்பெரி இலை கேளுங்க, பூச்சிக்கே போடுறதால பெரும்பாலும் மருந்து இருக்காது, ஆனாலும் ஒருதடவ கேட்டுக்கங்க, ஆமைக்கு அருமையான தழை. பாலக்கீரை தெனம் வேணாம். ஒரு கணவாய் ஓடு தண்ணில மெதக்க விட்டா கொறிச்சுக்கும், சுண்ணாம்புச்சத்து கெடைக்கும். களி, பிஸ்கட், சோறு எதுவும் வேணாம்னு பசங்ககிட்ட சொல்லுங்க. ஆமையத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும்னும் சொல்லுங்க, சால்மோனெல்லா கிருமி அதுங்ககிட்ட சாதாரணமா இருக்கும், தொட்டிய சமையல் சிங்க்ல கழுவாதீங்க.

பேசாம ஏரில விட்டுறலாம்னு தோணுச்சுன்னா தயவுசெஞ்சு வேணாம். இது வெளிநாட்டு ஆமை, நம்ம ஆமைங்களோட எடத்தையும் தீனியையும் புடுங்கிக்கும். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 2022ல காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் அறிவிச்சாங்களே, அங்க லீத் மென்னோட்டு ஆமை இருக்கு, அழியுற நிலைல இருக்குற சாதி. படிக்கிற வேற யாராவது காட்டோரத்துல கெடைச்ச நட்சத்திர ஆமைய வீட்ல வச்சிருந்தா அது வேற கதை, 1972 வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, வைத்தியம் கேக்குறதுக்கு முன்னாடி வனத்துறைகிட்ட ஒப்படைச்சிருங்க.

சூடு குடுத்தும் ஒரு வாரத்துல தின்னலைன்னாலோ, மூக்குல முட்டை முட்டையா நொரை வந்தாலோ, வாயைத் தொறந்து மூச்சு விட்டாலோ, ஒரு பக்கமா சாஞ்சு மெதந்தாலோ காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட கொண்டு போங்க; நொரை, வாய் மூச்சு, சாஞ்சு மெதக்குறதுன்னா நுரையீரல் சளியா இருக்கும், ஊசி போட வேண்டி வரும். கண்ணு வீங்கி மூடிருந்தாலும், ஓடு அமுக்குனா கொழகொழன்னு இருந்தாலும் அப்படித்தான். உங்களுக்கு பெங்களூர் ஹெப்பால்ல இருக்குற கால்நடைக் கல்லூரி கிட்ட, இல்லன்னா நாமக்கல் கால்நடைக் கல்லூரி. வாளித் தண்ணில போட்டுக் கொண்டு போகாதீங்க, சோர்ந்த ஆமை வண்டி ஆட்டத்துல முங்கிரும், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டில ஈரத் துணி விரிச்சு, கார்ல ஏசி போடாம போங்க, போறப்ப எடை எழுதுன சீட்டும் காஞ்ச எறா பாக்கெட்டும் கைல இருக்கட்டும்.