8,500 வெள்ளி வேன், 22,000 வெள்ளிக் கட்டில்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 38. பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். கைக்கு 3,400 வெள்ளி வருகிறது. மனைவி வீட்டிலிருந்தே இட்லி, தோசை, விசேஷச் சாப்பாடு என்று ஆர்டர் எடுக்கிறார். அதில் மாதம் 1,200 வரை நிற்கும். வீட்டுக் கடன், மைவி கார் தவணை, பிள்ளைகள் செலவு எல்லாம் போக 600 மிஞ்சும். சேமிப்பு 11,000. கிரெடிட் கார்டில் 3,600 பாக்கி; குறைந்தபட்சத் தொகைதான் கட்டுகிறேன், சில மாதம் தேதி தவறிவிடும். புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கும் தாய்மாமன் தன் பழைய நிசான் வெனெட் வேனை 8,500க்குத் தருகிறேன் என்கிறார். பெட்ரோல் வண்டி, ஜன்னல் வைத்தது. அதில் படுக்கை, சிங்க், சோலார் எல்லாம் வைத்து கேம்பர் வேன் ஆக்கி, 9 வயதும் 6 வயதுமான பிள்ளைகளோடு ஊர் சுற்ற ஆசை. கோலாலம்பூரில் ஒரு பட்டறையில் 22,000 கேட்கிறார்கள். 20,000க்கு பெர்சனல் லோன் (ஆண்டுக்கு 7 சதவீதம், 5 வருடம்) எடுத்து, மீதிக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் உள்ள 5,800ஐயும் சேமிப்பில் கொஞ்சத்தையும் போடலாமா? நாங்கள் போகாத வாரங்களில் வாடகைக்கு விட்டால் லோன் தானாகவே அடைந்துவிடாதா? மனைவி "பைத்தியக்காரத்தனம்" என்கிறார். – பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்.

பதில்: தம்பி, உங்கள் வீட்டம்மா சொன்னதில் பாதி சரி. வேன் ஆசை பைத்தியக்காரத்தனம் இல்லை. அந்த 22,000தான் பைத்தியக்காரத்தனம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு இது.

முதலில் லோன். 7 சதவீதம் என்றதும் கார்டைவிட மலிவு என்று தோன்றியிருக்கும். அது நிலையான வட்டி. நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், முதல் நாள் வாங்கிய 20,000க்குத்தான் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். ஐந்து வருடத்துக்கு 7,000 வட்டி, மாதத் தவணை 450. குறையும் அசலுக்கு வட்டி என்று மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 12.5 சதவீதம் வரும். மிஞ்சும் 600இல் 450 போனால் கையில் 150. பிள்ளைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலே அது காணாது.

இப்போது உங்கள் திட்டத்தின் மொத்தக் கணக்கு. வேன் 8,500, பட்டறைக்கு 22,000, வட்டி 7,000. ரோட் டேக்ஸ், காப்புறுதி, சர்வீஸ் என்று வருடம் 1,500 வைத்தாலும் ஐந்து வருடத்தில் 7,500. ஐந்து வருடம் கழித்து 5,000க்கு விற்றுவிட்டீர்கள் என்றே வைப்போம். கையை விட்டுப் போனது 40,000. ஷிப்ட் வேலை, பள்ளி விடுமுறை, மழைக்காலம் எல்லாம் பார்த்தால் வருடத்துக்கு 14 இரவு போவீர்கள். அதற்கு மேல் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐந்து வருடத்தில் 70 இரவு. ஓர் இரவுக்கு 571 வெள்ளி! அந்தக் காசுக்கு பத்து ஃபெரிங்கியில் கடல் தெரியும் அறையில் படுத்து எழுந்து, காலைச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரலாம்.

வாடகைக்கு விடும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். வண்டியை வாடகைக்கு விட உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்குப் போன வண்டிக்குப் பொறுப்பேற்காது. யாரோ ஒருவர் தாப்பா மலைப்பாதையில் உங்கள் வேனைக் கொண்டுபோய் இடித்தால், வேனும் போகும், வீடும் ஆட்டம் காணும்.

மூன்றாம் கணக்கு 2024 மே மாதம் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், 50 வெள்ளிகூட எடுக்கலாம், உண்மைதான். ஆனால் அந்தப் பணத்துக்கும் மற்ற இரண்டு கணக்குக்குக் கிடைக்கும் அதே லாப ஈவுதான் கிடைக்கிறது: 2024இல் 6.30 சதவீதம். வருடம் 5.5 என்றே வைத்தால், 5,800 நீங்கள் 55 வயதைத் தொடும்போது 14,400 அளவில் நிற்கும். அதை பிளைவூட் வாங்கவா எடுப்பது? வேலை போனால், ஆஸ்பத்திரியில் படுத்தால் எடுங்கள்.

சரி, வேனுக்கு வருவோம். இதில் நான் ஒரே ஒரு கோடு போட்டுப் பார்ப்பேன்: வண்டியோடு போகும் பணம் எவ்வளவு, வண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு வரக்கூடிய பணம் எவ்வளவு. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். பத்து வருடத்துக்கு முன் என் கணவரும் நானும் பசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரத்துக்காக ஒரு வேன் வைத்திருந்தோம். ஒரு பட்டறையில் நல்ல காசு கொடுத்து இரண்டு பக்கமும் ரேக், நடுவில் மேசை எல்லாம் தரையோடு முடுக்கிப் பூட்டினோம். விற்கப் போனபோது வாங்க வந்த தவுக்கே (முதலாளி) ரேக்கைப் பாராட்டவில்லை, கழற்றச் சொன்னார். கழற்றினால் தரையில் 22 துளை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் காசு அகலத்துக்குத் துரு. ஒன்றில் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, பேசிய விலையில் 1,800 குறைத்தார். நாங்கள் கொடுத்து அடித்த ஆணிக்கு, அதைப் பிடுங்கவும் நாங்களே கொடுத்தோம்.

அதனால் வேனை வேனாகவே விடுங்கள். எதையும் தரையோடு பூட்ட வேண்டாம். கூரையில் துளை போட வேண்டாம். இருக்கையைக் கழற்றி, கட்டில் பூட்டி, கிரானில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் வகையே மாறிப்போகிற அளவுக்குச் செய்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் சோதனை என்று தனி அலைச்சல். அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி என்றால் விபத்து நேரத்தில் காப்புறுதிக்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். உங்களுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் பெல்ட் 2009இலேயே கட்டாயமாகிவிட்டது, 2020இலிருந்து பிள்ளைகளுக்குச் சிறுவர் இருக்கையும் வேண்டும். பட்டறைக்காரர் வரைந்து கொடுத்த படத்தில் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். நடு இருக்கை இருக்கட்டும். அதற்குப் பின்னால் இருப்பதுதான் உங்கள் வீடு.

அந்த இடத்துக்கு மூடி போட்ட மூன்று பெட்டிகள் போதும். 12 மில்லிமீட்டர் பிளைவூட், எட்டுக்கு நான்கு அடிப் பலகை. பலகைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்குங்கள். ஒன்றில் சமையல் சாமான், ஒன்றில் துணி, ஒன்றில் பேட்டரி. இரவில் நடு இருக்கையின் முதுகைச் சாய்த்து, பெட்டிகளின் மேல் இரண்டு பலகையைப் போட்டால் கட்டில். இதற்கு 600க்கு மேல் போகாதீர்கள். நான்கு அங்குல ஸ்பாஞ்ச், உறையோடு 450. பத்து காவானில் இகேயா இருக்கிறது என்று நேராக அங்கே ஓடாதீர்கள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு காலை நேரம் சுற்றிவிட்டுப் போங்கள். ஐஸ் பெட்டி, மடக்கு மேசை, பாத்திரம் எல்லாம் அங்கே பாதி விலைக்கு அகப்படும்.

மின்சாரத்தில்தான் எல்லாரும் பணத்தைக் கொட்டுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓர் இரவுக்கு உங்களுக்கு என்ன வேண்டும்? 10 வாட் காற்றாடி ஒன்பது மணி நேரம் ஓடினால் 90 வாட்-அவர். 5 வாட் விளக்கு இரண்டு, நான்கு மணி நேரத்துக்கு 40. மூன்று கைப்பேசிக்கு 45. ஆக 175. 12 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 600 வாட்-அவருக்கு மேல் இருக்கும். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் மூன்று இரவு தாங்கும். சோலார் எதற்கு? 12 வோல்ட் பிரிட்ஜ் வைத்தால்தான் நாளுக்கு 400, 500 என்று இழுக்கும்; அப்போது பெரிய பேட்டரி, கூரையில் பேனல், அதற்குத் துளை, துளைக்கு ஒழுகல். பத்து வெள்ளிக்கு ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டால் அந்தச் சங்கிலியே அறுந்தது. பேட்டரி, சார்ஜர், காற்றாடி, விளக்கு எல்லாம் 1,100க்குள் முடியுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வையுங்கள். நீங்கள் டெக்னீசியன், நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கொசுவலைக்கும் திரைக்கும் 250. அடுப்பு, ஐஸ் பெட்டிக்கு 300. கேஸ் அடுப்பை வண்டிக்கு வெளியே மட்டும் பற்ற வையுங்கள்; மழை பெய்தால் அன்றைக்கு ரொட்டி சானாய். எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்குவதும் கூடாது. மறந்துபோனதை வாங்க 300. மொத்தம் 3,000. இதில் வண்டியோடு போவது திரைக் கம்பி ஒன்றுதான். பேட்டரி வீட்டில் கரண்ட் போன இரவில் காற்றாடி சுற்றும், ஸ்பாஞ்ச் விருந்தாளிக்கு ஆகும். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டால் வீட்டம்மா கல்யாண ஆர்டருக்குச் சாம்பார் அண்டாவை ஏற்றிப் போகலாம். அப்படி ஓட்டுவதாக இருந்தால் காப்புறுதி எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்காக மைவி காப்புறுதியில் சேர்ந்த என்சிடி கழிவு இதற்கு வராது. வேனுக்குப் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

இனி பணம் எங்கிருந்து வருவது என்று பார்ப்போம். இன்றைக்கே சேமிப்பிலிருந்து 3,600ஐ எடுத்து கார்டை அடையுங்கள். தவறாமல் கட்டுகிறவருக்கு கார்டு வட்டி 15 சதவீதம், உங்களைப் போல் தேதி தவறுகிறவருக்கு 18. வருடத்துக்கு 648 வெள்ளி சும்மா போகிறது. மீதி 7,400 இருக்கட்டும். கிட்டத்தட்ட இரண்டு மாதச் செலவு அது. கார்டுக்குக் கட்டிய 180ம் சேர்ந்து மாதம் 780 மிஞ்சும்.

மாமாவிடம் போய், "மாதம் 700 தருகிறேன், பன்னிரண்டு மாதம், கடைசியில் ஒரு 100" என்று கேளுங்கள். வட்டியில்லாத கடன் சொந்தத்தில்தான் கிடைக்கும். ஆனால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதாத கணக்கு அடுத்த தீபாவளிக்குச் சண்டையாக வந்து நிற்கும். பணம் முடியும்வரை வண்டி அவர் பெயரிலேயே, அவர் செலவிலேயே இருக்கட்டும். முடிந்ததும் புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, பிறகு பெயர் மாற்றம். அடுத்த இரண்டு மாத மிச்சம் டயர், பிரேக், ரேடியேட்டருக்கு. அதற்கடுத்த நான்கு மாதம்தான் பெட்டியும் ஸ்பாஞ்சும். ஆக ஒன்றரை வருடம், கடன் ஒரு காசு இல்லை. இரவுக் கணக்கு போட்டால்? வேன், ரிப்பேர், சாமான் சேர்த்து 13,000. ஓட்டச் செலவு 7,500. துளையில்லாத வேன் 6,000க்குப் போகும் என்று வைத்தால் இரவுக்கு 207 வெள்ளி. மலிவு என்று நான் சொல்லமாட்டேன். இது சேமிப்பு இல்லை, ஆசை. உங்கள் வருமானம் தாங்கக்கூடிய ஆசை, அவ்வளவுதான்.

சொந்தக்காரர் வண்டி என்று பார்க்காமல் வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ரப்பர் பாயைத் தூக்கி, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் மடிப்புகளில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். 'டங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் பெயின்ட். வேறு யாராவது டீசல் வேனைக் காட்டினால் 2024 ஜூன் 10ஐ நினைத்துக்கொள்ளுங்கள்: அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15லிருந்து 3.35க்கு ஏறியது. உங்களுக்கு ரோன்95 பெட்ரோல் போடும் வண்டியே போதும்.

இதற்கெல்லாம் முன்னால், வருகிற பள்ளி விடுமுறையில் மாமாவிடம் வேனை ஒரே ஓர் இரவுக்குக் கேளுங்கள். வீட்டு மெத்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கூலிமுக்கு அப்பால் சுங்கை செடிம் வரை போய் வாருங்கள். வெனெட்டுக்கு எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே. நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனாலும் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். நான்கு பேரின் மூச்சில் விடியற்காலை கண்ணாடியெல்லாம் வியர்க்கும். பெரிய பிள்ளைக்குக் கால் நீட்ட இடம் இருக்கிறதா, சின்னது நடுராத்திரி டாய்லெட் கேட்டால் யார் எழுந்து போவது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். திரும்பி வரும்போது வீட்டம்மா, "அடுத்த தடவை கொசுவலை கொண்டு வரணும்" என்று சொன்னால் மாமாவுக்கு முதல் 700ஐக் கொடுங்கள். பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தால், எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.