பெரியப்பாவுக்கு ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருப் பெரியப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, இதயமும் பலவீனம். பட்டியலில் இடமில்லை. "டாக்டரிடம் நீ ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று பெரியம்மா அழுதார். நான் சொல்லவில்லை. படிக்கும்போது மனப்பாடம் செய்த தத்துவவாதிகள் பெந்தம், கான்ட் யாரும் இப்போது துணைக்கு வரவில்லை. நான் செய்தது சரியா?

அன்புள்ள தங்கைக்கு,

சரிதான்.

உங்கள் ஊர் வழக்கு ஒன்று 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. சூப்ரமணி, வயது 41, வேலை இல்லை, சர்க்கரையும் இதயநோயும் உண்டு. கைப்பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டு, அப்புறம் அடிங்டன் ஆஸ்பத்திரியைக் கேட்டார். அங்கே 20 இயந்திரங்கள். 60 பேருக்குப் போதுமானவற்றில் 85 பேருக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாள்பட்ட நோயாளி என்றால் மாற்றுக் கிட்னி பொருத்தத் தகுதி வேண்டும் என்பது விதி. இதயநோயால் அவருக்கு அது இல்லை. விதி நியாயமானது, எல்லாருக்கும் ஒன்றுபோல் நடக்கிறது என்றது நீதிமன்றம். தீர்ப்புக்குப் பின் சீக்கிரமே இறந்துபோனார்.

பெந்தம் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எண்ணுவார். கான்ட், வார்டில் சொந்தக்காரர் உள்ள எல்லாரும் இப்படிச் செய்யலாமா என்று கேட்பார். பெரியம்மாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். புறநகர் உம்லாசியிலிருந்து டாக்சி பிடித்து வரும் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? இதுவரை இருவரும் ஒரே பக்கம்தான்.

எண்ணி முடித்ததும் பெந்தத்தின் வேலை தீர்ந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் மனம் ஆறுவதில்லை. என் அண்ணனுக்கு டயாலிசிஸ் கிடைத்தது. ஊசி ஏற்றும் இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் கை அதிரும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இடம் இல்லை என்பதை நடைபாதையில், நின்றபடி, அரை நிமிடத்தில் சொன்னார்கள். கையிலிருந்த சோற்று டப்பாவை அவர் திறக்கவே இல்லை. விதி சரியாக இருக்கலாம், சொன்ன விதம் அநியாயம். அவரும் முழு மனிதர். காரணம் கேட்க, உட்கார்ந்து அழ அவருக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. 20 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல, யாரோ பட்ஜெட்டில் முடிவு செய்தது. அதைக் கேட்கும் கடமை பட்டியலில் இடம் கிடைத்தவர்களுக்கும் உண்டு. நானும் அண்ணனும் அன்று கேட்கவில்லை.

பெரியப்பாவைப் போய்ப் பாருங்கள். ஏன் இடமில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். மூச்சுத்திணறலுக்கும் உடம்பு அரிப்புக்கும் மருந்து உண்டு, உங்களுக்குத் தெரியாததா? பெரியம்மா கோபமாகத்தான் இருப்பார். முதல் நாள் கதவு திறக்காவிட்டால் மறுநாளும் போங்கள்.